ஒச்சப்பனின் முழங்காலும் தேதி வைக்காத காதுகுத்தும்

நான் ஓய்வு பெற்ற பிசியோதெரபிஸ்ட். மதுரையில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, அங்கேயே துறைத் தலைவியாகி வெளியே வந்தவள். இப்போது ஒத்தக்கடையில் மகன் கட்டிய வீட்டில் நிம்மதியாக இருக்கிறேன், யாரும் வந்து என்னைக் கிளறாத வரைக்கும். போன மாதம் கிளறிவிட்டார்கள்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு 'இலக்கு நிர்ணயம்' என்று ஒருநாள் பயிற்சி வகுப்பாம். என்னிடம் வேலை பார்த்து இப்போது சீனியராக இருக்கும் பவித்ரா போன் செய்து, "மேடம், வந்து ஒரு பத்து நிமிஷம் பேசுங்க" என்றாள். போனேன். எனக்கு முன்னால் கோட்டு போட்ட ஒருவர் பேசினார். எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். ஐந்து வருடம் கழித்து நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று மனதுக்குள் பாருங்கள் என்றார். ஏசி குளிருக்குப் பாதிப் பேர் நிஜமாகவே தூங்கிவிட்டார்கள். அப்புறம் ஆளுக்கொரு கலர் தாளைக் கொடுத்து, இலக்கை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகப் படித்தேன். 'லைஃப்ல செட்டில் ஆகணும்.' 'பெஸ்ட் பிசியோ ஆகணும்.' 'அப்பா அம்மாவைச் சந்தோஷமா வச்சுக்கணும்.' 'பெரிய ஆளா வரணும்.' ஒருவன் வெறுமனே 'சக்சஸ்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு ராக்கெட் படம் போட்டிருந்தான்.

எனக்கு எங்கிருந்துதான் அம்புட்டுக் கோபம் வந்ததோ. எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். ஆனால் கோபம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வரும், அதுவும் மதுரைத் தமிழ். பத்து நிமிடமும் திட்டிவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டினார்கள்! திட்டுக்குக் கைதட்டும் கூட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? "சூப்பர் மோட்டிவேஷன் மேடம்" என்று கோட்டுக்காரர் வேறு கைகொடுத்தார். அன்றைக்குச் சொல்ல நினைத்து, கோபத்தில் விட்டுப்போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இலக்கு வைப்பதை நான் கேலி செய்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் பிழைப்பே அதுதான். ஒரு கை விழுந்துவிட்டது, ஒரு கால் மடங்கவில்லை என்று ஒருவர் வந்தால், எங்கள் தொழிலில் முதல் வேலை கையைப் பிடித்து நீவுவது இல்லை. அந்தக் கையை வைத்து அவர் என்ன செய்யப் போகிறார் என்று தெரிந்துகொள்வது. அது தெரியாமல் செய்கிற வைத்தியம் எல்லாம் உடற்பயிற்சிக் கூடத்து வேலை.

கல்லூரியில் இதை ஒரு பாடமாகப் படித்தேன், பரீட்சையில் எழுதினேன், மறந்தேன். படிப்பைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு அதைப் புரியவைத்தவர் என் முதல் தலைவி எஸ்தர் மேடம்.

எஸ்தர் மேடம் பாளையங்கோட்டைக்காரர். கஞ்சி போட்ட காட்டன் சேலை, கைப்பை எப்போதும் மடியில். யாரையும் சத்தம் போட்டுப் பேச மாட்டார், அதனாலேயே எல்லாருக்கும் பயம். புது நோயாளி வந்தால் அவர் செய்யும் முறை ஒன்று உண்டு. முதலில் சொந்தக்காரர்களை வெளியே அனுப்புவார். மதுரையில் அது சாமானிய வேலை இல்லை. ஒரு நோயாளிக்கு நாலு பேர் வருவார்கள், நாலு பேரும் பேசுவார்கள், நோயாளி மட்டும் பேச மாட்டார். கதவைச் சாத்திவிட்டு, கட்டிலை விடத் தாழ்வான ஒரு முக்காலியில் உட்காருவார். நோயாளி அவரைக் கீழே பார்த்துத்தான் பேச வேண்டும். நோகிற பக்கத்தைத் தொட மாட்டார்; நல்ல கையை முதலில் பிடித்து, அதில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று பார்த்துப் பாராட்டுவார். அப்புறம்தான் கேள்வி: "என்ன செய்யணும் உங்களுக்கு?"

எல்லாரும் சொல்லும் பதில் ஒன்றே ஒன்று. "நல்லாகணும்."

மேடம் தலையசைப்பார். "சரி. நல்லாயிட்டு?"

இந்தக் கேள்வியில் மனிதர்கள் தடுமாறுவதை நான் நூற்றுக்கணக்கான தடவை பார்த்திருக்கிறேன். சிலருக்குக் கோபம் வரும். சிலர் சிரிப்பார்கள். மேடம் காத்திருப்பார். பேனாவைத் தொட மாட்டார்.

பக்கவாதம் வந்த ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர். வலது கை சுத்தமாக வரவில்லை. "நல்லாகணும்" என்றார். "நல்லாயிட்டு?" "எல்லாரையும் போல இருக்கணும்." "இருந்துட்டு?" மனிதர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மேடம் அசையவில்லை. ரொம்ப நேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே, "வேட்டிய நானே கட்டணும்மா. மகன் கட்டிவிடுறான், மருமக பாக்கிறா" என்றார். மேடம் அப்போதுதான் பேனாவைத் திறந்தார். அந்த ஒரு வேட்டியை எத்தனை துண்டாகப் பிரித்தார் தெரியுமா? சுவரில் முதுகைச் சாய்த்துத் தள்ளாடாமல் நிற்பது. வேட்டியின் ஒரு முனையைச் சுவருக்கும் இடுப்புக்கும் நடுவே சிக்கவைப்பது. இடது கையால் சுற்றிக் கொண்டுவருவது. வயிற்றை எக்கி, கட்டை விரலால் செருகுவது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி, ஒவ்வொன்றுக்கும் எப்போதுக்குள் என்று ஒரு கெடு. வலது கை கடைசிவரை சரியாக வரவில்லை. ஆனால் அவர் வேட்டி கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார், இடது கையால்.

இந்த மகராசி எங்களையும் விடவில்லை. பொங்கல் லீவு முடிந்து வந்ததும் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிடுவார். "இந்த வருஷம் வேலையில என்ன, வீட்டில என்ன?" நான் சேர்ந்த புதிதில் பெருமையாக, "நல்ல பேர் எடுக்கணும் மேடம்" என்றேன். "எடுத்துட்டு?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று நாள் யோசித்துத் திரும்பப் போய், "வேலையில, யாரையும் கேக்காம நானே ஒரு பக்கவாதக் கேஸை முதல்லேருந்து கடைசி வரைக்கும் பாக்கணும். வீட்டில, ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக்கணும்" என்றேன். "எப்போ?" என்றார். "சித்திரைத் திருவிழாவுக்குள்ள" என்று வாய் தவறி வந்துவிட்டது.

அவ்வளவுதான். அடுத்த நாள் துறை முழுக்கத் தெரிந்துவிட்டது. டீ கொண்டுவரும் அண்ணன்கூட, "என்னம்மா, வண்டி எம்புட்டுத் தூரத்துல இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார். என் வீட்டுக்காரருக்குத் தல்லாகுளத்தில் அரசு அலுவலக வேலை. சாயங்காலம் அலுவலகம் விட்டதும் அந்தப் பக்கத்து மைதானத்தில், நான் ஓட்ட, அவர் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார். ஒருநாள், பிடித்திருக்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் இடுப்பில் கைவைத்து நிற்கிறார். நேரே இளநீர் வண்டியில் போய் முட்டினேன். மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன்னால் ஓட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் வைத்திருந்தால் இன்றுவரை பஸ்ஸில்தான் போயிருப்பேன்.

எல்லா இலக்கும் நிறைவேறியது என்று கதை விட மாட்டேன். மேல்படிப்பு படிக்கப் போகிறேன் என்று ஒரு வருடம் சொன்னேன். இரண்டு பிள்ளைகள், மாமனாருக்குக் கண் ஆபரேஷன், முடியவில்லை. அடுத்த பொங்கலுக்குப் போய், "மேடம், அது இப்ப இல்ல, விட்டுட்டேன்" என்றேன். "வாயைத் திறந்து விட்டியே, அதுவே போதும்" என்றார். வைப்பதும் விடுவதும் வெளிச்சத்தில் நடக்க வேண்டும் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான்.

இனி ஒச்சப்பன்.

நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். அப்போது எஸ்தர் மேடம் ஓய்வு பெற்றுப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது, நான் தலைவி. மருத்துவமனையில் எல்லாம் கம்ப்யூட்டர் மயம். நோயாளி வாசலில் பெயர் பதியும்போதே, அங்கே இருக்கும் பெண் ஒரு பட்டியலிலிருந்து அவருடைய இலக்கைத் தேர்ந்தெடுத்துவிடுவாள். 'உதவியின்றி நடத்தல்', 'வலி குறைதல்', இப்படி ஏழெட்டு. நோயாளியைக் கேட்பது கிடையாது. வரிசை நீளமாம்.

ஒச்சப்பன் எழுமலைப் பக்கத்து விவசாயி, நாற்பது வயதிருக்கும். பைக்கில் போய் விழுந்து, முழங்காலுக்குச் சற்று மேலே தொடை எலும்பு முறிந்து, வேறோர் ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். எலும்பு கூடிவிட்டது. முழங்கால்தான் கட்டை போல விறைத்துப்போய் வந்தார். கூட மனைவி, ஒரு சித்தப்பா, தங்கை புருஷன். "என்ன செய்யணும் உங்களுக்கு?" என்று கேட்டேன். தங்கை புருஷன் முந்திக்கொண்டார்.

"நடந்தாப் போதும் மேடம். வயக்காடு வரைக்கும் போயிட்டு வந்தா அதுவே பெரிசு."

"அவர் சொல்லட்டுங்க."

"மச்சானுக்கு இதெல்லாம் சொல்ல வராது மேடம். நாங்க சொல்றதுதான்."

எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். "நான் வீட்டு மாப்பிள்ளை மேடம்" என்றார் அவர், கதவைப் பிடித்துக்கொண்டு. மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான் என்று கதவைச் சாத்தினேன். முக்காலியில் உட்கார்ந்தேன். நல்ல காலைப் பிடித்துப் பார்த்தேன். வழக்கமான பாட்டு ஆரம்பித்தது. நல்லாகணும். நல்லாயிட்டு? நடக்கணும். நடந்துட்டு?

"கீழ உக்காரணும் மேடம்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா உக்கார நாற்காலி இருக்கே."

அவர் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்தணும். கல்யாணம் முடிஞ்சு ரொம்ப வருசம் கழிச்சுப் பெறந்த பிள்ளை. எங்க குலசாமி கோயில்ல, சாமிக்கு நேரா தரையில சம்மணம் போட்டு, பிள்ளையத் தாய்மாமன் மடியில வச்சுத்தான் மொட்டை எடுத்துக் காது குத்துறது. அங்கிட்டு சேர் எல்லாம் போட மாட்டாக. போன வருசமே வைக்க வேண்டியது, நான் விழுந்துட்டேன். நான் உக்கார முடியலன்னா எங்க பெரியப்பா மகனை உக்காத்துவாக. அப்பா இல்லாத வீடு மேடம். அவளைக் கட்டிக்குடுத்தது நானு. அந்த மடி எம்மடியா இருக்கணும்." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சிக்கிட்ட மட்டும் சொல்லிராதீக. அவளுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவா. நான் உக்காந்து காட்டிட்டு, அப்புறமா தேதி குறிக்கச் சொல்றேன்."

தலையை ஆட்டினேன். இது போல ஓர் இலக்கு கிடைப்பதே அபூர்வம் என்று சந்தோஷம்கூட எனக்கு. நடக்க, முழங்கால் அறுபது எழுபது டிகிரி மடங்கினால் போதும். நாற்காலியில் உட்கார்ந்து எழ, தொண்ணூறுக்குக் கொஞ்சம் மேலே. சம்மணம் போட நூற்று முப்பதாவது வேண்டும். அவருக்கு அன்றைக்கு நாற்பதுதான் வந்தது. கம்ப்யூட்டரில் போய் இலக்கை மாற்றப் பார்த்தேன். பட்டியலில் தாய்மாமன் மடி இல்லை. நிர்வாக அலுவலர் செந்திலைக் கேட்டேன். "கடைசியில 'மற்றவை'ன்னு இருக்கும் மேடம், அதைப் போட்டுருங்க" என்றார். ஒரு மனிதன் கண் கலங்கிச் சொன்ன ஆசைக்கு 'மற்றவை' என்று பேர்!

நான் மாற்றியும் முதலில் பதிந்ததுதான் செல்லும் என்று அந்த யந்திரம் வைத்திருந்தது போல. ஒச்சப்பன் கொஞ்ச நாளில் கைத்தடி இல்லாமல் நடந்தார். உடனே திரையில் பச்சை விளக்கு. இலக்கு எட்டப்பட்டது. அவருடைய நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். செந்திலிடம் போய்ச் சத்தம் போட்டேன்.

"அதான் நடக்கிறாரே மேடம்."

"நடக்கிறார். உட்காரணும்."

"எங்களுக்கும் டார்கெட் இருக்குல்ல மேடம்? இந்த மாசம் இத்தனை கேஸ் முடிக்கணும்னு."

நோயாளிக்கு ஓர் இலக்கு, எனக்கு ஓர் இலக்கு, செந்திலுக்கு ஓர் இலக்கு. மூன்றும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. கடைசியில் என் சாப்பாட்டு நேரத்தில் பாதியை ஒச்சப்பனுக்கு ஒதுக்கினேன்.

நான் டப்பாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பேன். அந்த மனிதர் வர மாட்டார்! ஒரு வாரம் நெல் அறுப்பு. ஒரு வாரம் மழை. ஒரு வாரம் பக்கத்து வீட்டில் ஒரு சாவு, துஷ்டிக்குப் போனாராம். போன் போட்டால், "அடுத்த வாரம் கண்டிப்பா வாரேன் மேடம்." வீட்டில் பயிற்சி செய்தீர்களா என்றால், "செய்யிறேன் மேடம்" என்பார், முழங்காலைத் தொட்டாலே பொய் என்று தெரிந்துவிடும். எண்பதுக்கு வந்து அங்கேயே நின்றது. எங்கள் எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு, "இன்னும் நாள் போனால் பயிற்சியால் மட்டும் மடங்காது, உள்ளே ஒட்டியிருக்கிற சதையை ஆபரேஷன் செய்துதான் பிரிக்க வேண்டும்" என்றார். "மறுபடியும் கத்தியா? ஆள விடுங்க சாமி" என்று போன ஒச்சப்பன் அடுத்த இரண்டு வாரம் வரவே இல்லை. கண் கலங்கிச் சொன்ன ஆசை எங்கே போனது என்று எனக்குப் புரியவில்லை.

ஒருநாள் அவரோடு தங்கை வந்தாள். பாண்டிச்செல்வி. இடுப்பில் பெண் குழந்தை, தர்ஷினி. குழந்தைக்கு இரண்டே முக்கால் வயதிருக்கும். தலைமுடி கண்ணை மறைத்துத் தோளில் விழுகிறது. ஏழெட்டு ரப்பர் பேண்டு போட்டு எப்படியோ கட்டி வைத்திருந்தாள். முதல் மொட்டை எடுக்காத முடி. கத்தரியும் வைக்கக் கூடாது. ஒச்சப்பனைச் சூட்டு ஒத்தடத்துக்குப் படுக்க வைத்துவிட்டு, வெளியே வந்து சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"இம்புட்டு முடியை ஏன் இன்னும் வச்சிருக்கீங்க? பிள்ளைக்கு வேர்க்காதா?"

செல்வி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னை ஓரமாக இழுத்துப் போனாள். "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எங்க அண்ணன் கீழ உக்காந்துருவாரா? அவரு மடியிலதான் மொட்டை எடுக்கணும்னு நான் தேதி வைக்காமலே தள்ளிக்கிட்டு வாரேன். மாமியா கேட்டா மாசம் சரியில்லம்பேன். எங்க வீட்டுக்காரரு கேட்டா உடம்பு சரியில்லம்பேன். மூணு வயசு நடக்கிறப்பவே குத்திரணும், ஒத்தப்படை வயசுலதான் குத்துவாக. அதுக்குள்ள அண்ணன் சரியாகலன்னா, எங்க பெரியப்பா மகன் மடியில வைக்கணும்னு மாமியா ஒத்தக்கால்ல நிக்கிறாக. அண்ணன்ட்ட மட்டும் சொல்லிராதீகக்கா. தனக்காகத்தான் தள்ளிப் போடுறேன்னு தெரிஞ்சா ஒடிஞ்சுபோயிருவாரு. அவரா வந்து தேதி வைன்னு சொல்லட்டும்."

எனக்கு அந்த இடத்திலேயே தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இவர் உட்கார்ந்து காட்டிவிட்டுத் தேதி கேட்பாராம். அவள் இவர் கேட்ட பிறகு தேதி வைப்பாளாம். தேதி இல்லாததால் இவருக்குப் பயிற்சிக்கு வர அவசரம் இல்லை. பயிற்சி இல்லாததால் கால் மடங்கவில்லை. கால் மடங்காததால் தேதி இல்லை. ஒருவர் மனம் நோகக் கூடாது என்று இன்னொருவர் வாயை மூடிக்கொண்டு, நடுவில் ஒரு குழந்தை வெயிலில் வேர்த்துக்கொண்டு நிற்கிறது. பாசம் என்ற பெயரில் இப்படி ஒரு கிறுக்குத்தனத்தை நம் ஊரில்தான் பார்க்க முடியும்.

செல்வியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனேன். ஒச்சப்பன் முழங்காலில் ஒத்தடப் பையோடு படுத்திருந்தார்.

"ஒச்சப்பன், கால் மடங்கினா என்ன செய்யணும்னு என்கிட்ட சொன்னீங்க. அதை இவகிட்ட சொல்லுங்க."

அவர் ஃபேனைப் பார்த்தார்.

"செல்வி, தேதி ஏன் தள்ளிப் போகுது? அதை இவர்கிட்ட சொல்லு."

அவள் குழந்தையின் ரப்பர் பேண்டைச் சரி செய்தாள்.

"யாரும் சொல்ல மாட்டீங்க, அப்படித்தானே? சரி, நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தேன். அப்புறம் என்ன பேசினேன் என்று எனக்கே முழுதாக நினைவில்லை. பக்கத்து அறையில் மெஷின் போட்டுக்கொண்டிருந்தவர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் ரகசியத்தை அவளிடமும், அவள் ரகசியத்தை அவரிடமும் போட்டு உடைத்தேன். முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

செல்வி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ஒச்சப்பன் எழுந்து உட்கார்ந்தார்.

"தேதிய வச்சுட்டு, அன்னைக்கு என்னால உக்கார முடியாமப் போச்சுன்னா?" என்றார். என்னிடம் இல்லை, தங்கையிடம்.

இதற்குத்தான் அத்தனை நெல் அறுப்பும் மழையும் துஷ்டியும். தேதி இல்லாத வரைக்கும் தோற்கவே முடியாது அல்லவா? வருடக்கணக்கில் என்னிடம் வந்த 'நல்லாகணும்' எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது இந்தப் பயம்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"முடியலன்னா அன்னைக்கு ஒருநாளுதாண்ணே அழுவேன்" என்றாள் செல்வி. "இப்ப தெனமும்ல பாத்துப் பாத்து அழுதுக்கிட்டுக் கெடக்கேன்."

மாசி மாதம் தேதி வைத்தார்கள். கையில் இரண்டரை மாதம்கூட இல்லை. செந்திலிடம் போய், திரையில் எந்த நிறம் எரிந்தாலும் ஒச்சப்பன் தினமும் வருவார், முடிந்தால் தடுத்துப் பாரும் என்றேன். அவர் தடுக்கவில்லை. ஒச்சப்பன் ஒத்தக்கடையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் வந்து தங்கிக்கொண்டார். காலையில் நான் வரும்போது வாசலில் நிற்பார்.

அந்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலில் ஒத்தடம். பிறகு முழங்கால் சில்லை மேலும் கீழும் பக்கவாட்டிலும் மெல்ல அசைத்துத் தளர்த்துவது. குப்புறப் படுக்க வைத்து, கணுக்காலில் ஒரு பட்டையை மாட்டி, அதை அவர் கையிலேயே கொடுத்து, குதிகாலைப் பின்பக்கமாக இழுத்துப் பிடிக்கச் சொல்வேன். நான் அழுத்த மாட்டேன். அவரே இழுக்க வேண்டும், அவரே நிறுத்த வேண்டும். அப்புறம் உட்காரும் பழக்கம். பாய்களை மடித்து முக்காலி உயரத்துக்கு அடுக்கி, அதன் மேல் உட்கார்ந்து எழுவார். அது சுலபமானதும் ஒரு பாயை உருவிவிடுவேன். அப்புறம் இன்னொன்று. மடியில் குழந்தை எடைக்கு ஒரு மணல் மூட்டை. காது குத்தும்போது பிள்ளை சும்மா இருக்காதே? அதனால் பவித்ராவை விட்டு மூட்டையை இப்படியும் அப்படியும் உலுக்கச் சொல்வேன். ஒச்சப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு, "எங்காத்தா! மூட்டைக்கு இம்புட்டுச் சேட்டை ஆகாது மேடம்!" என்று கத்துவார். வாய் ஓயாமல் திட்டினேன். அவர் ஒருநாளும் வராமல் இருக்கவில்லை.

நூற்றைந்து வரைக்கும் வந்தது. அதற்கு மேல் அசையவில்லை. நாங்கள் வீணாக்கிய மாதங்கள் அந்த முழங்காலுக்குள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. தரையில் உட்கார்ந்துவிட்டார், ஆனால் சம்மணம் இல்லை. நல்ல கால் மடங்கும்; அடிபட்ட கால் முன்னால் நீளும். மடி என்று பார்த்தால் மடிதான், பிள்ளை தாராளமாக உட்காரும். போதும் என்று நானும் அவரும் முடிவு செய்தோம். சாமிக்கு நேரே கால் நீளும் என்பது எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை.

காதுகுத்தன்று உசிலம்பட்டி போய், அங்கிருந்து எழுமலை பஸ் பிடித்துப் போனேன். வயலுக்கு நடுவே சின்னக் கோயில். பந்தல், மைக் செட், சமையல் புகை, ஊர்ப்பட்ட கூட்டம். ஒச்சப்பன் பட்டு வேட்டியில் இருந்தார். நாவிதர் கத்தியைத் தயார் செய்துகொண்டிருந்தார். மெதுவாக, நான் சொல்லிக்கொடுத்தபடியே நல்ல காலில் பாரம் வைத்து இறங்கி, சாமிக்கு நேரே உட்கார்ந்தார். அடிபட்ட கால் நேராக நீண்டது.

பூசாரி கையைத் தூக்கினார். "சாமிக்கு நேரா காலை நீட்டக் கூடாதுப்பா."

"மடங்காது சாமி, அடிபட்ட காலு."

"அப்ப முடிஞ்சவுக உக்காரட்டும். சாமி குத்தம் ஆயிரும்ல."

பக்கவாட்டில் திரும்பி உட்காரலாம் என்று யாரோ சொன்னார்கள். பிள்ளையின் முகம் சாமியைப் பார்க்க வேண்டும், ஆகாது என்றார் பூசாரி. செல்வியின் மாமியார் முன்னால் வந்துவிட்டார். "அதான் நான் தலையில அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா?" பெரியப்பா மகன் ஏற்கெனவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். ஒச்சப்பன் கையைத் தரையில் ஊன்றினார், எழுந்திருக்க. அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பூசாரியிடம் சண்டை போடுவது என்று கிளம்பிவிட்டேன்.

எனக்கு முன்னால் செல்வி போனாள். குழந்தையைத் தூக்கி ஒச்சப்பன் மடியில் வைத்தாள். பட்டுச் சேலையோடு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். நீட்டியிருந்த காலைக் கணுக்காலில் பிடித்துத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானையை இழுத்து அந்தப் பாதத்தை மூடினாள்.

"சாமிக்கு நேரா எங்கிட்டு நீட்டுறாரு?" என்றாள் பூசாரியைப் பார்த்து. "எம்மடியிலதான வச்சிருக்காரு."

பூசாரி அந்த முந்தானையைப் பார்த்துவிட்டு, நாவிதரைப் பார்த்துத் தலையசைத்தார்.

முடி இறங்கியது. கொத்துக் கொத்தாக மாமன் மேலும் அம்மா மேலும் விழுந்தது. காது குத்தும்போது தர்ஷினி போட்ட உதையில் மணல் மூட்டை எல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. ஒச்சப்பன் அசையவில்லை, பிள்ளையை இறுக்கிப் பிடித்திருந்தார், கண்ணிலிருந்து கொட்டுகிறது. நானும் அழுதேன். அழுதுகொண்டே, இந்தக் காலைச் சரியான நேரத்தில் கொண்டுவந்திருந்தால் மடங்கியிருக்குமே என்று வயிறு எரிந்தேன். இரண்டும் சேர்ந்துதான் வந்தது.

எல்லாம் முடிந்து கூட்டம் கறி விருந்துப் பக்கம் நகர ஆரம்பித்தது. ஒச்சப்பன் என்னைப் பார்த்துச் சத்தமாகவே, பெரியப்பா மகன் காதிலும் மாமியார் காதிலும் விழும்படி சொன்னார். "மேடம், அடுத்த மாசிக்கு இந்த எடத்துல ரெண்டு காலையும் மடக்கி உக்காருறேன். அந்த ஆபரேசன் செஞ்சுக்கிறேன்."

"இந்த வாயை முதல் நாளே திறந்திருந்தா கத்தியே வேண்டியிருந்திருக்காது" என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் சிரித்துக்கொண்டே எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. பாதம் இன்னும் செல்வியின் மடியில் இருந்தது. இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்திருந்தாள்.

"காலை விடு ஆத்தா, பந்திக்கு நேரமாச்சு."

"ஆபரேசன் என்னைக்குன்னு சொல்லுண்ணே. விடுறேன்."

"சித்திரையில வச்சுக்கலாம்."

அவள் பிடியைத் தளர்த்தவில்லை.

"சித்திரையில என்னைக்கு?"